போனில் போட்ட பைடெஸ்ட்

என் தங்கை மகன் திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டான். "பெரிம்மா, பைடெஸ்ட் போடணும். நாளைக்கு லேப். போட்டா சிவப்பு சிவப்பா என்னமோ வருது." பைடெஸ்ட் என்பது பைதான் மொழியில் எழுதிய நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க உதவும் லைப்ரரி, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கிற நிரல் தொகுப்பு. விடுதி வைஃபைக்குத் திரையைப் பகிர்ந்து காட்டும் தெம்பில்லை. சரி, நான் சொல்லச் சொல்ல அடி என்று ஆரம்பித்தேன்.

நான் பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் கையால் கிளிக் செய்து பார்க்கிற வேலை, அப்புறம் பைதானில் ஆட்டோமேஷன். இந்த லைப்ரரியை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டேன், எத்தனையில் எடுத்தேன் என்று கணக்கு இல்லை. ஆனால் திரையைப் பார்க்காமல், வெறும் வாயால் சொல்லிப் போடவைத்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் அவன் "இது எதுக்கு" என்று கேட்டான். பாதிக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. கை பழக்கத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால்தான் எழுதி வைக்கத் தோன்றியது.

முதல் தகராறே எழுத்தில்தான். பைதான் லைப்ரரிகளைப் போடவும் எடுக்கவும் உதவும் கருவியின் பெயர் பிப். "பி ஐ பி" என்றேன். அவன் காதில் விஐபி என்று விழுந்திருக்கிறது. அப்படியே அடித்து, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கட்டளை அடிக்கிற திரையான டெர்மினலிடம் திட்டு வாங்கினான். அதன் பிறகு பழனி பி, வேலூர் வி என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். இங்கேயும் கட்டளைகளைக் காதில் விழுகிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகளில் அடியுங்கள். பைடெஸ்ட் என்றால் பி, ஒய், அதோடு ஒட்டி டெஸ்ட். நடுவில் இடைவெளி கிடையாது. வெனவ் என்று நான் எழுதுவது வேலூர் வி, இ, என், மறுபடி வேலூர் வி. '-எம்' என்று வந்தால் சின்னக் கோடும் எம்மும் ஒட்டிக்கொண்டு இருக்கும், முன்னும் பின்னும் ஒவ்வோர் இடைவெளி.

எந்த பைதான்?

லைப்ரரியைப் போடுவது ஒரு வரி வேலை. அதை எந்த பைதானுக்குள் போடுகிறோம் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பைதான் இருப்பது சர்வ சாதாரணம். ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. ஒன்றில் எடுத்துவிட்டு இன்னொன்றில் பார்த்தால் போகவே இல்லை என்று தோன்றும். அவனுக்கு இரண்டும் நடந்தது.

முதலில் இதை அடிக்கச் சொன்னேன்.

பைதான்3 --வெர்ஷன்

3.12 என்று வந்தது. அவன் லேப்டாப்பில் சீனியர் ஒருவர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04ஆம் பதிப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதோடு கூடவே வருகிற பைதான் அது. உபுண்டுவில் 3 என்ற எண்ணை விட்டுவிட்டு வெறும் பைதான் என்று அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. விண்டோஸ்காரர்கள் வெறும் 'பை' என்று இரண்டு எழுத்து அடித்தால் போதும், பி, ஒய். அங்கே பைதான் என்று முழுசாக அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டால் பயப்பட வேண்டாம். பைதான் இன்னும் போடவில்லை, அல்லது போடும்போது முதல் திரையின் அடியில் இருக்கும் 'பாத்'தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கிற டிக் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். முதல் வரியே போதும். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்.' இந்த பைதானை நிர்வகிப்பது நீ இல்லை, இயங்குதளம் என்று அதற்குப் பொருள். 2023இல் வெளிவந்த டெபியன் (இன்னொரு லினக்ஸ்) 12இல் இருந்தும், அதே வருடம் வந்த உபுண்டு 23.04இல் இருந்தும் இந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானை நம்பித்தான் ஓடுகின்றன. நாம் பாட்டுக்கு அதில் ஒரு லைப்ரரியின் வேறு பதிப்பைக் கொண்டுபோய் வைத்தால், என்றோ ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று படுத்துவிடும்.

படுத்ததை நானே பார்த்திருக்கிறேன். 2018 ஏப்ரலில் பிப்பின் 10ஆம் பதிப்பு வந்தது. என் மேசையில் இருந்தது உபுண்டு 16.04. 'உன் பிப் பழையது' என்று அது சொன்னதை நம்பி, கட்டளைக்கு முன்னால் சூடோ, அதாவது நிர்வாகியின் அதிகாரம், போட்டு பிப்பைப் புதுப்பித்தேன். அடுத்த நிமிடம் பிப் என்று அடித்தால் 'கேனாட் இம்போர்ட் நேம் மெயின்' என்கிறது. உபுண்டு வைத்த பிப் கட்டளை பழசு. அது போய்த் தேடுகிற லைப்ரரியோ நான் கொண்டுவந்த புதுசு. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. சூடோ போட்டிருக்கவே கூடாது. அன்றைக்குக் காப்பாற்றியது 'பைதான் -எம் பிப்' என்ற வடிவம்தான். வெறும் பிப் செத்துக் கிடந்தாலும் அது வேலை செய்தது. அதை வைத்தே புது பிப்பை எடுத்தேன், பழையது மறுபடி உயிர்பெற்றது. அன்று முதல் நான் வெறும் பிப் என்று அடிப்பதில்லை. இந்த பைதானைக் கூப்பிடு, அதற்குச் சொந்தமான பிப்பை ஓட்டு என்று சொல்லிவிட்டால், எந்த பைதான் என்ற கேள்விக்கு அந்த வரியிலேயே பதில் இருக்கிறது.

அந்தச் சிவப்புச் செய்தியின் கடைசியில் கட்டளையின் வாலில் சேர்க்கும் ஒரு கொடியாக ஒரு குறுக்கு வழியும் எழுதியிருக்கும். --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். பெயரே 'சிஸ்டத்தை உடை' என்று இருக்கிறது, இதைவிட வெளிப்படையாக யார் எச்சரிப்பார்கள்? "அதைப் போட்டியா?" என்று கேட்டேன். "இல்ல பெரிம்மா" என்றான். அது பொய் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தனி அறை

சிஸ்டத்தின் பைதானைத் தொடாமல், ஒரு வேலைக்கு மட்டும் தனியாக லைப்ரரிகளை வைத்துக்கொள்ளும் இடம்தான் இந்தத் தனி அறை. லேப் வேலைக்கு என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தான். டெர்மினலில் அதற்குள் போய் இதை அடிக்கச் சொன்னேன்.

பைதான்3 -எம் வெனவ் .வெனவ்

முதல் வெனவ் என்பது கருவியின் பெயர். இரண்டாவது, புள்ளியோடு ஒட்டியது, அந்தக் கருவி உண்டாக்கப்போகிற ஃபோல்டரின் பெயர். அதற்கு எந்தப் பெயரும் வைக்கலாம். புள்ளியில் ஆரம்பித்தால் லினக்ஸில் சாதாரணமாகக் கண்ணில் படாது என்பதால் இப்படி வைக்கிறோம். 2012இல் வந்த பைதான் 3.3 முதல் இந்த வசதி பைதானோடு கூடவே வருகிறது. ஆனால் உபுண்டு அதைக் கொஞ்சம் பிய்த்துத் தனியாக வைத்திருக்கிறது. அதனால் அவனுக்கு 'என்ஷ்யூர்பிப் இல்லை' என்று ஒரு புகார் வந்தது. மருந்தும் அதே செய்தியில் எழுதியிருக்கும்.

சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைதான்3-வெனவ்

இங்கே சூடோ போடுவது தப்பில்லை. கேட்பது ஏபிடி, மென்பொருள் போட உபுண்டுவுக்கே இருக்கிற கருவி, அதுதான் வீட்டுக்காரர். போட்டு முடித்ததும் முந்தைய வரியை மறுபடி ஓட்டவேண்டும். முதல் முயற்சியில் அரைகுறையாக உண்டான .வெனவ் ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டினால் இன்னும் சுத்தம்.

அடுத்து அந்த அறைக்குள் நுழையவேண்டும்.

சோர்ஸ் .வெனவ்/பின்/ஆக்டிவேட்

டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வெனவ் என்று வந்துவிட்டால் உள்ளே வந்தாயிற்று. விண்டோஸில் 'பின்' ஃபோல்டருக்குப் பதில் 'ஸ்கிரிப்ட்ஸ்' இருக்கும், சாய்கோடு மறுபக்கம் சாயும், சோர்ஸ் என்ற சொல் தேவையில்லை. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று மறுத்தால், எக்ஸிக்யூஷன் பாலிசியை உங்கள் பயனருக்கு மட்டும் 'ரிமோட்சைன்டு' என்று மாற்றவேண்டும். அது வேண்டாம் என்றால் பழைய கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள், அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

உள்ளே வந்தபின் பைதான் என்றாலும் பைதான்3 என்றாலும் ஒன்றுதான். இரண்டும் இந்த அறையின் பைதானையே காட்டும். இந்த ஃபோல்டரை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், மேல் ஃபோல்டரின் பெயரையும் மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கட்டளைகளில் பழைய முகவரி முழுசாக எழுதப்பட்டிருக்கும். நகர்த்த வேண்டி வந்தால் அழித்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள், அரை நிமிட வேலை.

போடுவது

பைதான் -எம் பிப் இன்ஸ்டால் பைடெஸ்ட்

இவ்வளவுதான். எல்லாம் சேர்த்தே இரண்டு எம்பிக்கும் குறைந்த சரக்கு. அந்த வைஃபையிலும் இறங்கிவிட்டது. கடைசி வரியில் 'சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று ஒன்றுக்குப் பதில் ஐந்து பெயர் வந்ததும் அவனுக்குச் சந்தேகம். "நான் ஒண்ணுதானே கேட்டேன்?" பைடெஸ்ட் தனியாக வராது. சோதனைகளோடு துணைக் கருவிகளைக் கோர்க்கும் பிளக்கி, அமைப்பு ஃபைலைப் படிக்கும் இனிகான்ஃபிக், பதிப்பு எண்களை ஒப்பிடும் பேக்கேஜிங், திரையில் நிறம் காட்டும் பிக்மெண்ட்ஸ். பிக்மெண்ட்ஸ் 8.4ஆம் பதிப்பிலிருந்து கட்டாயமாகிவிட்டது. விண்டோஸில் கலராமா என்று இன்னொன்றும் சேரும். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். எடுக்கும்போது வேண்டியிருக்கும்.

வந்துவிட்டதா, எங்கே வந்தது என்று பார்க்க:

பைதான் -எம் பிப் ஷோ பைடெஸ்ட்

இதில் எல்லாரும் பதிப்பு எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது 'லொகேஷன்' வரியை. அந்தப் பாதையில் .வெனவ் என்று இருந்தால் நிம்மதி.

இனி ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை வேண்டும். இரண்டு வரியைச் சொன்னேன்.

டெஃப் டெஸ்ட்_கூட்டல்():
    அசர்ட் 2 + 3 == 5

சேமித்துவிட்டு 'பைதான் -எம் பைடெஸ்ட்' என்று அடி என்றேன். "ஒண்ணுமே வரல பெரிம்மா." பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, பேச்சு மூச்சில்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டது என்றான். சோதனையே இல்லாவிட்டால்கூட 'நோ டெஸ்ட்ஸ் ரேன்' என்று அது சொல்லவேண்டும். பத்து நிமிடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மறுபடி போடு, டெர்மினலை மூடித் திற என்று குருட்டாம்போக்கில் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது, படி என்றதும்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஃபைலுக்கு அவன் வைத்த பெயர் 'பைடெஸ்ட்.பை'. '-எம்' போட்டால் பைதான் முதலில் நாம் நிற்கிற ஃபோல்டரில்தான் தேடும். அங்கேயே பைடெஸ்ட் என்று ஒன்று இருக்கவே, அதையே எடுத்து ஓட்டிவிட்டது. உள்ளே ஒரு ஃபங்ஷனை வரையறுத்ததோடு சரி, கூப்பிட யாரும் இல்லை. அதுதான் அந்த மௌனம். லைப்ரரியின் பெயரை நம் ஃபைலுக்கு வைக்கவே கூடாது. பதினான்கு வருட அனுபவசாலி பத்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தது இது.

டெஸ்ட் என்ற சொல், ஓர் அடிக்கோடு, அப்புறம் எது வேண்டுமானாலும்: ஃபைலின் பெயர் இப்படித் தொடங்கினால்தான், அல்லது அடிக்கோடும் டெஸ்ட்டுமாக முடிந்தால்தான், பைடெஸ்ட் கண்டுகொள்ளும். ஃபங்ஷன் பெயரும் டெஸ்ட் என்று தொடங்கவேண்டும். 'டெஸ்ட்_கணக்கு.பை' என்று மாற்றினான். பச்சையில் '1 பாஸ்டு' வந்தது. உடனே ஐந்தை ஆறாக்கி ஓட்டு என்றேன். சரியாக இருக்கும்போது பச்சை காட்டுவது பெரிய விஷயமில்லை. தப்பாக இருக்கும்போது சிவப்பு காட்டுகிறதா என்று பார்க்காமல் நான் எந்தச் சோதனையையும் நம்பியதில்லை. காட்டியது.

அப்புறம்தான் லேப் தாளில் பதிப்பு எண் போட்டிருக்கிறது என்றான். 7.4.4. முதலிலேயே சொல்லியிருக்கலாம். இதற்குப் பழையதை நீக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வேண்டாம்.

பைதான் -எம் பிப் இன்ஸ்டால் பைடெஸ்ட்==7.4.4

சமக்குறி இரண்டு, எங்கும் இடைவெளி இல்லை. ஏற்கெனவே இருந்ததைக் கண்டேன், எடுத்தேன், புதியதைப் போட்டேன் என்று பிப் தானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு முடித்துவிடும். குறிப்பிட்ட எண் வேண்டாம், ஏழோ அதற்கு மேலோ எதுவானாலும் சரி என்றால் சமக்குறி ஒன்றே ஒன்று, அதற்கு முன்னால் பெரிது என்ற குறியைப் போடவேண்டும். அப்போது முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். வைக்காவிட்டால் அந்தக் குறியை, வருகிற வெளியீட்டை ஒரு ஃபைலில் கொட்டு என்று, டெர்மினலில் நம் கட்டளைகளைப் படிக்கும் பேஷ் எடுத்துக்கொள்ளும். திரையில் ஒன்றும் வராது, பதிப்புக் கட்டுப்பாடு காற்றில் போகும், ஃபோல்டரில் '=7' என்ற பெயரில் ஒரு விசித்திர ஃபைல் உட்கார்ந்திருக்கும். நான் வேலை பார்த்த ஒரு குழு தன் நிரல்களைச் சேர்த்து வைத்திருந்த ரிப்போவில் '=3.0' என்று ஒரு ஃபைல் ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்தது. ஏதோ முக்கியமானது போல என்று ஒருவரும் தொடவில்லை.

எடுப்பது

புதன்கிழமை மறுபடி போன். லேப் முடிந்துவிட்டதாம். "எடுத்துடறேன் பெரிம்மா, இடம் அடைக்குது." சீனியர் உபுண்டுவுக்கு ஒதுக்கிக் கொடுத்ததே 25 ஜிபி. பைடெஸ்டை எடுத்து அதில் மிச்சமாகப் போவது ஒன்றுமில்லை என்றாலும், சரி, எடுக்கவும் கற்றுக்கொள்ளட்டும். போடுவதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, எடுப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அறைக்குள் நுழைந்து, அதாவது ஆக்டிவேட் செய்துவிட்டு:

பைதான் -எம் பிப் அன்இன்ஸ்டால் பைடெஸ்ட்

உடனே அழித்துவிடாது. எதையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்று ஒரு பட்டியல் காட்டும். அதைப் படியுங்கள், பாதைகளில் .வெனவ் இருக்கவேண்டும். போடும்போது எழுதிவைத்த 'ரெக்கார்டு' என்ற ஃபைலைப் பார்த்துத்தான் பிப் இந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது. அதனால் அந்த ஃபோல்டருக்குள் கையை விட்டு எதையும் பாதி அழித்து வைக்காதீர்கள், அப்புறம் பிப்புக்கும் வழி தெரியாது. பட்டியலில் பைடெஸ்ட் என்ற கட்டளையோடு, நடுவில் புள்ளி வைத்த 'பை.டெஸ்ட்' என்று இன்னொன்றும் இருந்ததைப் பார்த்துவிட்டு வைரஸா என்று கேட்டான். இல்லை, அது பழைய பெயர். ஹோல்கர் க்ரெகல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு ஆரம்ப காலத்தில் கட்டளை அப்படித்தான் இருந்தது. 2016இல் 3.0 வந்தபோது புள்ளியை எடுத்துவிட்டார்கள். பழக்கம் விடாதவர்களுக்காக அதுவும் கூடவே வருகிறது.

கடைசியில் 'ப்ரொசீட்' என்று கேட்டு, ஒய்யைப் பெரிய எழுத்தில் காட்டும். பெரிய எழுத்தில் இருப்பதுதான் இயல்பு விடை. வெறும் என்டர் தட்டினாலே ஆமாம் என்று ஆகிவிடும். எனவே படிக்காமல் என்டர் தட்டுகிறவர்கள் ஜாக்கிரதை.

தட்டினான். போய்விட்டது. அதே டெர்மினலில் பைடெஸ்ட் என்று அடித்தான். '.வெனவ்/பின்/பைடெஸ்ட் என்ற ஃபைல் இல்லை' என்று வந்தது. கட்டளை இல்லை என்று சொல்லாமல் ஃபைல் இல்லை என்று சொல்வானேன்? ஒரு கட்டளையை ஒருமுறை ஓட்டினால் பேஷ் அதன் முகவரியை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீட்டைக் காலி செய்த பிறகும் பழைய விலாசத்துக்கே தபால் கொண்டுபோகிறது. 'ஹேஷ் -ஆர்' என்று அடித்தால் மறந்துவிடும். புது டெர்மினல் திறந்தாலும் சரி.

அவன் புது டெர்மினலைத் திறந்தான். பைடெஸ்ட் என்று அடித்தான். ஓடியது.

"எடுத்துட்டேன், ஆனா இன்னும் ஓடுது பெரிம்மா!"

விச் -ஏ பைடெஸ்ட்

அந்தப் பெயரில் எங்கெங்கே கட்டளை இருக்கிறது என்று அத்தனையையும் காட்டும் வரி இது. அவன் படித்துக் காட்டியது, வீட்டு ஃபோல்டரில் '.லோக்கல்/பின்' என்று. "பிரேக் சிஸ்டம் போட்டியா இல்லையா?" இந்தத் தடவை கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஏதோ வீடியோவைப் பார்த்து அந்தக் கொடியைப் போட்டு ஒரு தடவை ஓட்டியிருக்கிறான். நல்ல வேளை, சூடோ போடவில்லை. சூடோ இல்லாததால் பிப்புக்கு சிஸ்டம் ஃபோல்டரில் எழுத அனுமதி கிடைக்காமல், அவனுடைய வீட்டு ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஆக, அவனிடம் இருந்தது இரண்டு பைடெஸ்ட். அறைக்குள் ஒன்று, திண்ணையில் ஒன்று.

திண்ணையில் இருப்பதை எடுக்க அறையைவிட்டு வெளியே வரவேண்டும். 'டீஆக்டிவேட்' என்று அடித்தால் வெளியே வந்துவிடலாம். பிறகு பைதான்3 -எம் பிப் ஷோ பைடெஸ்ட் என்று கேட்டு, லொகேஷன் வரியில் .லோக்கல் இருப்பதை உறுதி செய்துகொண்டு:

பைதான்3 -எம் பிப் அன்இன்ஸ்டால் பைடெஸ்ட் --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்

ஆமாம், எடுப்பதற்கும் அதே கொடி வேண்டும். இல்லாவிட்டால் அதே சிவப்புச் செய்தி வரும். போடுவதற்கு இந்தக் கொடியைத் தொடாதே என்று சொன்ன நானே எடுப்பதற்குத் தொடச் சொல்கிறேன். அதிலும் சூடோ இல்லாமல், பட்டியலில் ஒவ்வொரு பாதையும் வீட்டு ஃபோல்டருக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான்.

லொகேஷன் வரியில் 'யூஎஸ்ஆர்/லிப்' என்று இருந்திருந்தால் கதை வேறு. அது ஏபிடி வைத்தது. போட்டவன்தான் எடுக்கவேண்டும், பிப் அதில் கை வைக்கக் கூடாது.

சூடோ ஏபிடி ரிமூவ் பைதான்3-பைடெஸ்ட்

இதுவும் எடுக்கப்போகிறவற்றைக் காட்டிவிட்டுத்தான் கேட்கும். கூடவே வேறு ஏதாவது பெரிய பெயரும் போவதாகக் காட்டினால் 'நோ'வுக்கான 'என்' எழுத்தை அடித்து நிறுத்துங்கள். துணைக்கு வந்தவற்றை அப்புறம் 'ஏபிடி ஆட்டோரிமூவ்' பார்த்துக்கொள்ளும்.

பிப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. மறுபடி அறைக்குள் போய் 'பைதான் -எம் பிப் லிஸ்ட்' என்று பார்த்தால் மாப்பிள்ளை கிளம்பிப் போன பிறகும் அவரோடு வந்த சொந்தக்காரர்கள் நாலு பேர் கல்யாண வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். இனிகான்ஃபிக், பேக்கேஜிங், பிளக்கி, பிக்மெண்ட்ஸ். இதில் பிக்மெண்ட்ஸ் ஞாயிற்றுக்கிழமையே அநாதை ஆகிவிட்டது, 7.4.4க்கு அது தேவையில்லை. பழைய பதிப்புக்கு இறங்கிப் போனபோது பிப் அதைக் கண்டுகொள்ளவில்லை. யாருக்கும் துணையாக இல்லாதவற்றை மட்டும் பார்க்க லிஸ்டோடு --நாட்-ரிக்வயர்டு என்று சேர்க்கலாம். தனியாக ஒன்றைச் சந்தேகப்பட்டால் ஷோவில் 'ரிக்வயர்டு-பை' வரியைப் பாருங்கள். காலியாக இருந்தால் மற்ற பேக்கேஜ் எதுவும் அதை நம்பியில்லை. உங்கள் நிரலே நேரடியாகப் பயன்படுத்துகிறதா என்பது மட்டும் உங்களுக்குத்தான் தெரியும். அன்இன்ஸ்டாலுக்குப் பின்னால் நாலு பெயரையும் இடைவெளி விட்டு வரிசையாக எழுதினால் ஒரே மூச்சில் போகும்.

தலைகீழாகவும் ஒரு வம்பு உண்டு. பைடெஸ்டை நம்பி மற்றவை இருந்தாலும், எடுக்கும்போது பிப் எச்சரிக்காது. பைடெஸ்ட்-ஹெச்டிஎம்எல் போல ஏதாவது துணைக்கருவி போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். 'பைதான் -எம் பிப் செக்' என்று ஓட்டினால் எது எதைத் தேடி அலைகிறது என்று சொல்லிவிடும். துணைக்கருவியை எடுத்தபின் அமைப்பு ஃபைலையும் பார்க்கவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைடெஸ்ட்-ஹெச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பினேன். திங்கட்கிழமை ஒரு சோதனையும் ஓடவில்லை. 'அன்ரெகக்னைஸ்டு ஆர்க்யுமென்ட்ஸ்: --ஹெச்டிஎம்எல்'. நான் அப்படி எதையும் அடிக்கவே இல்லையே என்று முழித்தேன். பைடெஸ்ட்.இனி ஃபைலில் 'ஆட்ஆப்ட்ஸ்' என்ற வரியில் எப்போதோ எழுதி வைத்தது. ஒவ்வொரு தடவையும் அதுவாகவே சேர்ந்துகொள்ளும். அந்த எரரின் அடியிலேயே எந்த அமைப்பு ஃபைலைப் படித்தது என்று காட்டியிருந்தது. கடைசி வரி வரை படிக்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

ஓட்டிய ஃபோல்டரில் .பைடெஸ்ட்_கேஷ் என்றும் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே பைகேஷ் என்றும் ஃபோல்டர்கள் கிடக்கும். இரண்டையும் தாராளமாக அழிக்கலாம். பிப் இறக்கிய சரக்கின் நகல்கள் இன்னோர் இடத்தில் சேர்ந்திருக்கும். இடம்தான் கவலை என்றால் அங்கேதான் பார்க்கவேண்டும்; 'பைதான்3 -எம் பிப் கேஷ் பர்ஜ்' என்றதும் அவனுக்கு ஒரு ஜிபிக்கு மேல் திரும்பிவந்தது. பைடெஸ்ட் அல்ல, போன செமஸ்டரில் போட்ட ஏதேதோ.

இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, லேப் நிஜமாகவே முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றான். அப்படியென்றால் அறையையே இடித்துவிடலாமே! டீஆக்டிவேட் செய்து, வெளியே வந்து:

ஆர்எம் -ஆர் .வெனவ்

புள்ளியும் வெனவும் ஒட்டியிருக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். '-ஆர்எஃப்' என்று பலரும் அடிப்பார்கள். கண்ணால் பார்க்காத டெர்மினலில் நான் எஃப் சொல்லமாட்டேன். மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள், பந்தல் எல்லாம் ஒரே வரியில் போயிற்று. தனி அறை வைத்துக்கொள்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் போன் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று அவன் சொன்னது நியாயம்தான்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. புது டெர்மினலில்:

பைதான்3 -சி "இம்போர்ட் பைடெஸ்ட்"

"மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர். வந்துடுச்சு பெரிம்மா!" எரர் வந்ததற்கு அவன் போட்ட கூச்சலில் அறைத்தோழன் எழுந்துவிட்டானாம்.

"சரிடா, அழிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பதிப்பு இருந்துச்சுன்னு பிப் ஃப்ரீஸ் எடுத்து ஒரு ஃபைல்ல வச்சியா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லவே இல்லையே."

சொல்லவில்லைதான். லேப் தாளில் 7.4.4 என்று இருக்கிறது, அதைப் பத்திரமாக வை என்று சொல்லிப் போனை வைத்தேன்.